தாழ்நிலைக் கதிர்வீச்சும் உடல்நலமும்: கருநாகப்பள்ளிக் கடற்கரை சொல்வதும் சொல்லாததும்

அயனியாக்கும் கதிர்வீச்சு என்பது, தான் ஊடுருவிச் செல்லும் பொருளின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்தெடுக்கும் அளவுக்கு ஆற்றல் வாய்ந்த கதிர்வீச்சாகும். எக்ஸ் கதிர், காமாக் கதிர், ஆல்ஃபா, பீட்டாத் துகள்கள், நியூட்ரான் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கைப்பேசிக் கோபுரத்தின் ரேடியோ அலைகளும் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அலைகளும் இவ்வகையில் அடங்கா, ஆகவே அவை பற்றிய அச்சங்களுக்கு இந்தச் சொற்பொழிவில் இடமில்லை. அயனியாக்கும் கதிர்வீச்சு மிகுந்த அளவில் உடலெங்கும் ஒரே வேளையில் பட்டால் எலும்பு மச்சையும் குடலின் உட்படலமும் அழிந்து சில வாரங்களில் உயிர் போகும் என்பதும், மருத்துவ உதவி கிட்டாத நிலையில் ஏறத்தாழ 4 கிரே அளவு பாதிப் பேரைக் கொன்றுவிடும் என்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டவை. வாதம் எழுவது அளவுகோலின் மறுமுனையில்தான். 100 மில்லிசீவர்ட்டுக்குக் குறைந்த அளவில், சிறுகச் சிறுக, ஆண்டுக்கணக்கில் உடலில் சேரும் கதிர்வீச்சு நோயை உண்டாக்குகிறதா, உண்டாக்கினால் எத்தனை பேருக்கு என்னும் வினாவே தாழ்நிலைக் கதிர்வீச்சு ஆய்வின் மையமாகும். எழுபது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் இவ்வினாவுக்கு உலகில் மிகுந்த செலவில் விடை தேடப்பட்ட இடங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், கன்னியாகுமரிக் கரையில் காணப்படும் அதே கருமணல் படிந்த கடற்கரையில் இருக்கிறது.

அளவுகளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் இத்துறையில் எழும் சண்டைகளில் பாதி அலகுகளைக் கலந்து பேசுவதால் விளைபவை. ஒரு கிலோகிராம் திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அது ஒரு கிரே எனப்படும். ஒரே அளவு ஆற்றலைப் படியவைத்தாலும் எல்லாக் கதிர்களும் ஒரே அளவு கேடு செய்வதில்லை. ஆல்ஃபாத் துகள் தன் ஆற்றல் முழுவதையும் மிகக் குறுகிய தொலைவில் கொட்டிவிடுவதால் அதன் கேட்டைக் காமாக் கதிரைப் போல் இருபது மடங்காகக் கொள்வது மரபு. இவ்வேறுபாட்டையும் உறுப்புகளின் ஏற்புத்தன்மையையும் சேர்த்துக் கணக்கிடும் அலகு சீவர்ட். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். உடல் முழுவதும் பரவலாகப் படும் காமாக் கதிரைப் பொறுத்தவரை கிரேயும் சீவர்ட்டும் எண்ணளவில் ஒன்றே. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம், தோரியம், மூச்சுக்காற்றில் கலக்கும் ரேடான் வாயு, ஒவ்வொருவர் தசையிலும் இயல்பாகவே இருக்கும் பொட்டாசியம்-40 ஆகியவற்றால் உலகில் ஒருவர் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதில் பாதியளவு ரேடானின் பங்கு. இவ்வியற்கை அளவும் மருத்துவ அளவும் நீங்கலாக, பொதுமக்களுக்குச் செயற்கை மூலங்களால் ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேரக் கூடாது என்பது பன்னாட்டு நெறி. கதிரியக்கத் தொழிலாளருக்கு இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்துள்ள வரம்பு ஐந்தாண்டுகளில் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மிகாமல் என்பதாகும். இந்த வரம்புகள் நலத்துக்கும் கேட்டுக்கும் நடுவே இயற்கை போட்ட கோடுகள் அல்ல. நிர்வாகத்துக்காக மனிதர் வகுத்துக்கொண்டவை. வரம்புக்குக் கீழே இருந்தால் கேடு அறவே இல்லை என்று அலுவலர் சொல்வதும், வரம்பு ஒரு முறை மீறப்பட்டால் நோய் உறுதி என்று போராட்டக்காரர் சொல்வதும் ஒரே பிழையின் இரு வடிவங்களே.

கேடு எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால், உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளில் தொடங்குகிறது. இரு புரிகளை முறுக்கித் திரித்த கயிறு போன்ற இம்மூலக்கூற்றில் ஒரு புரி மட்டும் அறுந்தால், மற்றப் புரியைப் பார்த்து அதை உயிரணு பிழையின்றிச் சரிசெய்துவிடும். இரு புரிகளும் அருகருகே அறுந்தால் முனைகளைப் பொருத்துவதில் தவறு நேர வாய்ப்பு மிகுதி, அத்தவறு உயிரணுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் நேர்ந்துவிட்டால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்க்கு அது முதற்படியாகக் கூடும். இங்கே இயற்பியல் தரும் ஒரு செய்தி மிக முக்கியமானது. உடலுக்கு ஒரு மில்லிகிரே காமாக் கதிர் படும்போது ஒவ்வோர் உயிரணுவின் கருவையும் சராசரியாக ஓர் எலெக்ட்ரான் தடம் ஊடுருவுகிறது. அளவை அதற்கும் கீழே குறைத்துக்கொண்டே போனால், தாக்கப்படும் உயிரணுக்களின் எண்ணிக்கை குறையுமேயன்றி, தாக்கப்பட்ட ஓர் உயிரணுவுக்கு நேரும் அடி குறையாது. கேடு செய்ய இயலாத அளவு என்று ஒன்று இருக்க முடியாது, கேட்டின் வாய்ப்பே அளவுக்கு ஏற்பக் குறையும் என்னும் கருத்துக்கு இதைவிட வலுவான அடித்தளம் வேறில்லை.

எதிர்த்தரப்புக்கும் அடித்தளம் உண்டு. மூச்சுவிட்டு உண்டு செரிப்பதாலேயே ஒவ்வோர் உயிரணுவின் டி.என்.ஏ.வும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான சிறு சிதைவுகளுக்கு ஆளாகிறது. அவற்றையெல்லாம் சீர்செய்துகொண்டே உயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வந்துள்ளன. ஆனால் உயிர்வேதி வினைகளால் வரும் சிதைவு சிதறலாக நிகழ்வது. கதிர்வீச்சின் சிதைவோ ஒரே இடத்தில் கொத்தாக நிகழ்வது. ஆகையால் இரண்டையும் எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிடுவது முறையாகாது. ஜெர்மனியில் ரோட்காமும் லோப்ரிச்சும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இருதரப்புக்கும் ஒருசேரப் பயன்பட்டது. ஏறத்தாழ ஒரு மில்லிகிரே அளவில் மனித உயிரணுக்களில் உண்டான இரட்டைப்புரி அறுப்புகள் பல நாட்கள் சரிசெய்யப்படாமலே கிடந்தன என்று அவர்கள் கண்டனர். உயிரணுக்கள் பெருக இடமளித்தபோது அறுப்புகளைத் தாங்கியவை தொகுதியிலிருந்து நீங்கிப்போனதையும் கண்டனர். சிற்றளவில் பழுதுநீக்கம் நடப்பதே இல்லை என்று ஒரு சாரார் இதைப் படித்தனர். கெட்டுப்போன உயிரணுவை உடலே களைந்துவிடுகிறது என்று மறுசாரார் படித்தனர். ஆய்வுக்கூடத் தட்டில் நிகழ்வதைக் கொண்டு எழுபது வயதில் வரும் புற்றுநோயைக் கணிக்க இயலாது என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்க முடிவு. மனிதரையே பார்த்தாக வேண்டும்.

மனிதரைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் இருந்து வந்தது. 1947இல் அமெரிக்கா நிறுவிய அணுகுண்டு உயிர்ச்சேத ஆணையமும், 1975இல் அதன் இடத்தில் அமைந்த கதிர்வீச்சு விளைவுகள் ஆராய்ச்சி நிறுவனமும் ஏறத்தாழ 1,20,000 பேரை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்து வந்துள்ளன. குண்டு விழுந்தபோது எவர் எந்த இடத்தில், எந்தச் சுவரின் பின்னால், எத்திசையை நோக்கி இருந்தார் என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொருவரின் அளவும் மதிப்பிடப்பட்டது. இரத்தப் புற்றுநோய் சில ஆண்டுகளிலேயே தலைதூக்கியது. மார்பகம், நுரையீரல், இரைப்பை, பெருங்குடல் ஆகியவற்றின் கட்டிகளோ பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, தாக்கப்பட்டவர்கள் புற்றுநோய்க்குரிய வயதை எட்டியபோதுதான் கூடின. முப்பது வயதில் ஒரு கிரே அளவு பெற்றவருக்கு எழுபதாம் வயதில் இத்தகைய கட்டி வரும் வாய்ப்பு, பெறாதவரைக் காட்டிலும் ஏறக்குறைய 47 விழுக்காடு கூடுதல் என்பது அங்கே கிடைத்த மதிப்பீடு. அளவு குறையக் குறைய நோயும் ஏறத்தாழ நேர்கோட்டில் குறைந்தது. பெற்றோர் கதிர்வீச்சுக்கு ஆளான பின் கருவாகிப் பிறந்த ஏறத்தாழ 77,000 பிள்ளைகளிடம் மரபுவழிக் கேடு எதுவும் கூடுதலாகக் காணப்படவில்லை என்பது பலரும் அறியாத, ஆனால் அறிந்திருக்க வேண்டிய செய்தி. எக்ஸ் கதிரால் பழ ஈக்களில் பிறழ்வுகளை உண்டாக்கிக் காட்டிய ஹெர்மன் முல்லரின் 1927ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பும், அதற்கு 1946இல் கிடைத்த நோபெல் பரிசும், அணுகுண்டு பரம்பரை பரம்பரையாக ஊனத்தை விதைக்கும் என்னும் எண்ணத்தைப் பொதுமனத்தில் ஊன்றிவிட்டன. மனிதரிடம் அந்த விளைவு மிக மிகச் சிறியது அல்லது அளந்தறிய முடியாதது என்பதே இன்றைய நிலை.

ஜப்பானில் கிடைத்த நேர்கோட்டைப் பூச்சியம் வரை நீட்டிவிடுவதே வரம்பிலா நேர்கோட்டுக் கோட்பாடு. எவ்வளவு சிறிய அளவுக்கும் அதற்கேற்ற சிறிய கேடு உண்டு, இதற்குக் கீழே கேடு இல்லை என்று சொல்லத்தக்க வரம்பு எதுவும் கிடையாது என்பது அதன் பொருள். சிற்றளவிலும் மெதுவாகவும் சேரும்போது விளைவு பாதியாகும் என்று கொண்டு, பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2007இல் ஒரு சீவர்ட்டுக்கு 5.5 விழுக்காடு என்று புற்றுநோய்க் கேட்டை வரையறுத்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகக் குழு 2006இல் தந்த கணக்கு பொதுமக்களுக்கு எளிதில் விளங்குவது: நூறு பேர் தலைக்கு 100 மில்லிசீவர்ட் பெற்றால் அவர்களுள் ஒருவருக்கு அதனால் புற்றுநோய் வரலாம், அதே நூறு பேரில் 42 பேருக்கு வேறு காரணங்களால் எப்படியும் வரும். அதற்கு முந்தைய ஆண்டிலேயே பிரெஞ்சு அறிவியல் கழகமும் மருத்துவக் கழகமும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, இந்த நேர்கோட்டைச் சிற்றளவுக்கு நீட்டுவதற்கு உயிரியல் சான்று போதாது என்று மறுத்தது. ஒரே சான்றுகளைப் படித்த இரு நாட்டுச் சான்றோர் எதிரெதிர் முடிவுக்கு வந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் தடை அறிவுக்குறையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது.

42க்கு நடுவே அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது எப்படி? கதிர்வீச்சால் வந்த கட்டி தனி அடையாளம் எதையும் தாங்கி வருவதில்லை. நுண்ணோக்கியில் அதுவும் பிறவும் ஒன்றே. ஆகவே பெருங்கூட்டத்தைப் பின்தொடர்ந்து, எதிர்பார்த்ததைவிட எத்தனை பேர் கூடுதல் என்று எண்ணுவது தவிர வேறு வழி இல்லை. ஆயிரம் மில்லிசீவர்ட்டின் விளைவைக் காண 500 பேர் போதுமானால், 100 மில்லிசீவர்ட்டின் விளைவைக் காண 50,000 பேரும், 10 மில்லிசீவர்ட்டின் விளைவைக் காண 50 லட்சம் பேரும் வேண்டும். அளவு பத்தில் ஒன்றானால் தேவைப்படும் கூட்டம் நூறு மடங்காகும் என்பது புள்ளியியலின் விதி. ஐம்பது லட்சம் பேரின் புகைப்பழக்கம், உணவு, தொழில், உடற்பருமன் ஆகியவற்றைப் பிழையின்றி அறிந்து ஆயுள் முழுதும் பின்தொடர்வது நடவாத காரியம். சிற்றளவில் விளைவு காணப்படவில்லை என்று எவரேனும் எழுதும்போதெல்லாம், அது இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்குமா என்று கேட்டே ஆக வேண்டும்.

இந்தக் கேள்வியோடுதான் மேற்குக் கடற்கரைக்குச் செல்ல வேண்டும். 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டறிந்து, அதன் தடம்பற்றி வந்து, இன்று தமிழ்நாட்டில் உள்ள மணவாளக்குறிச்சியில் அதன் படிவைக் கண்டார். அக்காலத்தில் ஐரோப்பாவின் தெருக்களில் எரிந்த வாயுவிளக்குகளின் வலைக்குத் தோரியம் வேண்டியிருந்தது. மோனசைட்டில் தோரியம் மிகுதி. கரையில் அலை ஒதுக்கும் மணலில் கருநிற இல்மனைட்டோடு சேர்ந்தே இம்மஞ்சள் குருணைகள் கிடக்கின்றன. பின்னாளில் இந்திய அருமண் நிறுவனம் மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் மாவட்டத்துச் சவறாவிலும் இக்கனிமங்களைப் பிரித்தெடுக்கத் தொடங்கியது. தோரியமும் அதன் வழித்தோன்றல்களும் உமிழும் காமாக் கதிருக்கு நடுவேதான் நீண்டகரை, சவறா, ஆலப்பாடு ஆகிய கரையோரப் பஞ்சாயத்துகளின் மீனவரும் கயிறு திரிப்போரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். கருநாகப்பள்ளி வட்டத்தின் கரையோரப் பஞ்சாயத்துகளில் வீட்டுக்கு வெளியே அளந்த அளவின் இடைநிலை மதிப்பு ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேல். சில இடங்களில் அது 70 மில்லிகிரே வரை எட்டுகிறது. அணுமின் நிலையத் தொழிலாளி ஒருவர் ஓர் ஆண்டில் பெறக்கூடிய உச்ச வரம்பைப் போல் இருமடங்குக்கும் மேற்பட்ட அளவு அது.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990களில் கருநாகப்பள்ளியில் வாழ்ந்த 3,85,103 பேரையும் பதிவு செய்து, புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றை நடத்தத் தொடங்கியது. இந்த ஆய்வின் சிறப்பு அதன் பருமனில் இல்லை, உழைப்பில் இருக்கிறது. பொதுவாக இத்தகைய ஆய்வுகள் ஊருக்கு ஒரு சராசரி எண்ணை வைத்துக்கொண்டு அவ்வூரார் அனைவருக்கும் அதையே சூட்டிவிடும். இங்கோ வீடுவீடாகச் சென்று வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிரளவு கணக்கெடுக்கப்பட்டது, ஆண் எத்தனை மணிநேரம் வீட்டில் இருப்பார், பெண் எத்தனை மணிநேரம் இருப்பார், வயதுக்கு ஏற்ப அது எப்படி மாறும் என்பது கணக்கில் கொள்ளப்பட்டது, பீடிப்பழக்கம் குறித்துக்கொள்ளப்பட்டது. அடுத்தடுத்த இரு வீடுகளில்கூட அளவு வேறுபடக்கூடிய கரையில் இந்தக் கவனம் இன்றியமையாதது. இவ்வாறு 30 முதல் 84 வயது வரையுள்ள 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2005 இறுதிவரை 1,379 புற்றுநோயாளிகளைக் கண்டு, ரகுராம் நாயரும் அவர்தம் குழுவினரும் 2009இல் முடிவை வெளியிட்டனர். கதிர்வீச்சின் அளவு கூடக் கூடப் புற்றுநோய் கூடவில்லை. இரத்தப் புற்றுநோய் நீங்கலான புற்றுநோய்களுக்கு ஒரு கிரேக்கான கூடுதல் கேடு 0.13 குறைவு என்று, அதாவது பூச்சியத்துக்கும் சற்றுக் கீழே வந்தது.

இந்த எதிர்மறை எண்ணைப் பிடித்துக்கொண்டு, சிற்றளவுக் கதிர்வீச்சு உடலுக்கு நன்மையே செய்கிறது என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் அதே வரியின் பிற்பகுதியைப் படிக்கத் தவறியவர்கள். எந்த ஆய்வும் ஓர் எண்ணை மட்டும் தருவதில்லை. உண்மை மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்னும் இடைவெளியையும் சேர்த்தே தருகிறது. கருநாகப்பள்ளியின் இடைவெளி 0.58 குறைவு என்பதிலிருந்து 0.46 கூடுதல் என்பது வரை நீள்கிறது. ஜப்பானின் மதிப்பு 0.47 என்பதை நினைவில் கொண்டால், மெதுவாகச் சேரும் அளவுக்கு அதைப் பாதியாக்கி வரும் 0.23 இந்த இடைவெளிக்குள் வசதியாக அடங்கிவிடுவது விளங்கும். அதே வசதியோடு பூச்சியமும் அடங்கிவிடுகிறது. நேர்கோட்டுக் கோட்பாட்டை இவ்வாய்வு பொய்ப்பிக்கவில்லை, மெய்ப்பிக்கவும் இல்லை. சிற்றளவின் கேடு இதுவரை கருதப்பட்டதைவிடப் பன்மடங்கு பெரிது என்று சொல்வோரின் கூற்றை மட்டுமே அது ஆணித்தரமாக மறுக்கிறது. ஆய்வாளர்களும் அதற்கு மேல் எதையும் உரிமை கோரவில்லை. நாளிதழ்த் தலைப்புகள்தாம் கோரின.

மரபுவழிக் கேடு பற்றிய வரலாறு இன்னும் சிக்கலானது. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, இக்கரையில் டவுன் நோய்க்குறி கூடுதலாக இருப்பதாக 1976இல் நேச்சர் இதழில் எழுதியது. தாயின் வயது சரிவர ஒப்பிடப்படவில்லை, ஒப்பீட்டுக்குக் கொண்ட ஊர்களில் எண்ணிக்கை இயல்புக்கு மாறாகக் குறைவு என்று அதற்கு மறுப்பு எழுந்தது. பின்னர் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் மருத்துவமனைகளில் பிறந்த 36,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்ததில் பிறவிக் குறைகள் கதிர்வீச்சோடு சேர்ந்து கூடவில்லை. பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் குரோமோசோம் பிறழ்வுகளும் கூடவில்லை. 2002இல் பீட்டர் ஃபோர்ஸ்டரும் பிறரும், தாய்வழி மட்டுமே செல்லும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் இக்கரைக் குடும்பங்களிடம் புள்ளிப் பிறழ்வுகள் மிகுதி என்று கண்டனர். முரண்போலத் தோன்றினும் இவற்றுள் முரண் இல்லை. பிறழ்வு என்பது எழுத்து மாற்றம். நோய் என்பது அந்த மாற்றத்தால் பொருள் கெடுவது. முன்னது கூடியும் பின்னது கூடாமல் இருக்க இயலும். ஆய்வை நடத்தியது அணுசக்தித் துறையின் அமைப்பு என்பதால் முடிவை நம்ப இயலாது என்று சொல்வோர் இங்குண்டு. அக்கறையோடு எழும் ஐயம் அது, ஆனால் ஒப்பீட்டு முறையில் என்ன பிழை என்று சுட்டாதவரை அது வாதமாகாது.

கருநாகப்பள்ளி விடை தராத இடத்தில் வேறு ஆய்வுகள் ஓரளவு வெளிச்சம் தந்துள்ளன. பிரிட்டன் மருத்துவர் ஆலிஸ் ஸ்டீவர்ட், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் கேட்டறிந்து, கருவுற்றிருந்தபோது வயிற்றில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவரின் பிள்ளைகளுக்கே அந்நோய் மிகுதி என்று 1956இல் அறிவித்தார். ஏறத்தாழ 10 மில்லிகிரே என்னும் சிற்றளவு அது. மருத்துவ உலகம் அவரை நம்பப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இன்று கருவுற்ற பெண்ணுக்கு எக்ஸ் கதிர் எடுக்கத் தயங்குவது எழுதாச் சட்டமாகிவிட்டது. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் அணுத்துறைத் தொழிலாளர் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல பதின்ம ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, ஒரு கிரேக்குக் கட்டிப் புற்றுநோய் இறப்பு 52 விழுக்காடு கூடுவதாக 2023இல் தெரிவித்தது. சிறுகச் சிறுக, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அளவுகள் இவை. மெதுவாகச் சேர்ந்தால் கேடு பாதியாகும் என்னும் நெடுங்கால நம்பிக்கைக்கு இது எதிராக நிற்கிறது. இத்தொழிலாளரின் புகைப்பழக்கம் நேரடியாகத் தெரியாது என்பது குறைதான். எனினும் நுரையீரல் புற்றுநோயை ஒதுக்கிக் கணக்கிட்டபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. கருநாகப்பள்ளியின் இடைவெளியும் இத்தொழிலாளரின் இடைவெளியும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதால் இரண்டையும் எதிரிகளாக நிறுத்துவது பொருந்தாது. சான்றுகளின் எடை இன்று நேர்கோட்டின் பக்கமே சற்றுச் சாய்ந்திருக்கிறது என்பதே நடுநின்று பார்ப்பவர் சொல்லத்தக்க தீர்ப்பு.

ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சிற்றளவுக் கேடும் உண்டு, அது ரேடான். மண்ணிலுள்ள யுரேனியத்தின் வழித்தோன்றலான இவ்வாயு தரையின் விரிசல் வழியே வீட்டுக்குள் புகுந்து, காற்றோட்டம் இல்லாத அறையில் தங்கி, அதன் சிதைவில் பிறக்கும் துகள்களை நுரையீரலில் படியவைக்கிறது. ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைத் திரட்டி 2005இல் சாரா டார்பியும் பிறரும் காட்டியபடி, ஒரு கனமீட்டர் காற்றில் 100 பெக்கரல், அதாவது வினாடிக்கு நூறு அணுச்சிதைவு, கூடினால் நுரையீரல் புற்றுநோய் 16 விழுக்காடு கூடுகிறது. புகைபிடிப்பவருக்கு அடிப்படை வாய்ப்பே மிகுதி என்பதால் அந்தப் 16 விழுக்காடு அவரிடத்தில் மிகப் பெரிய எண்ணிக்கையாகிறது. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்து வாழும் நாடுகளின் நோய் இது. சன்னலைத் திறந்துவைத்து வாழும் தமிழ்நாட்டு வீட்டுக்கு இது பெருங்கவலை அன்று, ஆனால் குளிர்சாதனத்துக்காக நாள் முழுதும் மூடிவைக்கப்படும் அறைகள் பெருகிவரும்போது மறந்துவிடத்தக்கதும் அன்று.

கேட்டைக் குறைத்துச் சொல்வதைப் போலவே மிகைத்துச் சொல்வதும் உயிர்களைப் பறிக்கும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்தையொட்டி மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்த படுத்த படுக்கையான நோயாளிகள் அவசர அவசரமாகப் பேருந்துகளில் ஏற்றிக் கொண்டுசெல்லப்பட்டபோது, கவனிப்பும் நீரும் மருந்தும் இன்றிப் பலர் வழியிலும் அடுத்த நாட்களிலும் இறந்தனர். இடம்பெயர்வின் துன்பங்களால் அம்மாகாணத்தில் நேர்ந்ததாக அரசு ஏற்றுக்கொண்ட இறப்புகள் 2,000க்கும் மேல். கதிர்வீச்சால் அங்கே பொதுமக்களிடம் கண்டறியத்தக்க அளவில் புற்றுநோய் கூடாது என்பது ஐ.நா.வின் அறிவியல் குழுவின் கணிப்பு. கோடிப் பேர் பெறும் அணுவளவுக் கதிர்வீச்சைக் கூட்டி, அதைக் கேட்டு விகிதத்தால் பெருக்கி, இத்தனை ஆயிரம் பேர் சாவார்கள் என்று அறிவிப்பது நேர்கோட்டுக் கோட்பாட்டைத் தவறாகக் கையாள்வது என்று அக்கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்த பன்னாட்டு ஆணையமே 2007இல் எச்சரித்துள்ளது. பாதுகாப்புக்கான ஏற்பாடாக வைத்துக்கொண்ட கோட்டை, பிணங்களை எண்ணும் கருவியாக்கலாகாது.

தமிழ்நாட்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றிய விவாதத்திலும், கன்னியாகுமரி மாவட்டத்துக் கிள்ளியூர் வட்டத்தில் கனிம மணல் எடுக்கும் திட்டத்தைப் பற்றிய விவாதத்திலும் கேரளக் கரையின் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. அங்கே எதுவும் ஆகவில்லை என்று ஒரு பக்கம். கரையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு புற்றுநோய் என்று மறுபக்கம். இரண்டுக்கும் கருநாகப்பள்ளி துணைவராது. அந்த ஆய்வு அளந்தது மண்ணிலிருந்து வெளிப்படும் காமாக் கதிரை. கனிமம் பிரிக்கும் ஆலையில் தோரியத் தூசியை மூச்சில் இழுக்கும் தொழிலாளியின் நுரையீரலில் ஆல்ஃபாத் துகள் செய்யும் வேலையை அது அளக்கவில்லை. மீனவ ஊரில் புற்றுநோய் மிகுதியா என்பதைத் தெருவில் எண்ணியும் சொல்லிவிட முடியாது. மூவரில் ஒருவருக்கு வாழ்நாளில் அந்நோய் வரும் நாடுகளும் உண்டு, புகையிலையும் வெற்றிலைப்பாக்கும் மதுவும் தத்தம் பங்கைக் கேட்காமல் இருப்பதில்லை. வீடுவீடாகக் கதிரளவும், ஊர் ஊராகப் புற்றுநோய்ப் பதிவும், ஆலைத் தொழிலாளருக்கு மூச்சுவழி அளவும் எடுத்து, முடிவை அம்மக்களிடமே முதலில் அவர்கள் மொழியில் வெளியிடுவதுதான் இருதரப்பின் வாயையும் அடைக்கும் ஒரே வழி. கருநாகப்பள்ளியில் இவற்றுள் முதல் இரண்டும் செய்யப்பட்டன. செய்யத்தக்கதே என்பதற்கு அதுவே சான்று.

கடைசியாக, பெரும்பாலோர் கவனிக்கத் தவறும் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அணு உலைக்கு அஞ்சும் ஒருவர் தன் வாழ்நாளில் பெறும் செயற்கைக் கதிர்வீச்சின் மிகப் பெரும்பகுதி மருத்துவமனையிலிருந்தே வருகிறது. மார்பு எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றின் அளவு 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை, வயிற்றுச் சி.டி. ஸ்கேன் ஒன்றின் அளவோ ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிசீவர்ட், அதாவது மூன்று நான்கு ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சு சில நொடிகளில். பிரிட்டனில் சிறுவயதில் சி.டி. எடுக்கப்பட்ட ஏறத்தாழ 1,78,000 பேரைப் பின்தொடர்ந்த 2012ஆம் ஆண்டு ஆய்வின்படி, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செய்யப்படும் 10,000 தலை ஸ்கேன்களுக்கு, அடுத்த பத்தாண்டுகளில் ஓர் இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக்கட்டியும் கூடுதலாகும். நோய் ஏற்கெனவே மறைந்திருந்ததால்தான் ஸ்கேன் எடுக்க நேர்ந்ததோ என்னும் ஐயம் அந்த ஆய்வின்மீது உண்டு. ஆயினும் கிடைத்த எண்ணிக்கை நேர்கோட்டுக் கணிப்புக்கு வெகுதொலைவில் இல்லை. விபத்தில் தலையில் அடிபட்ட குழந்தைக்கு ஸ்கேன் தேவையென்றால் பத்தாயிரத்தில் இரண்டு என்னும் கேட்டைப் பொருட்படுத்தாமல் உடனே எடுக்க வேண்டும். சாதாரணத் தலைவலிக்கு, பெற்றோரின் மனநிறைவுக்காக எடுக்கலாகாது.

ஒவ்வொரு சி.டி. கருவியும் பரிசோதனை முடிந்ததும் தான் செலுத்திய அளவை மில்லிகிரே-சென்டிமீட்டர் என்னும் அலகில் திரையில் காட்டுகிறது; பெரியவரின் வயிற்று ஸ்கேனுக்கு 600 என்று காட்டினால் அதை 0.015ஆல் பெருக்க 9 மில்லிசீவர்ட் என்று கிடைத்துவிடும். கருவி அறிந்திருக்கும் அந்த எண் நோயாளியின் கைக்கு வரும் அறிக்கையிலும் அச்சிடப்பட வேண்டும். அதுவரை, ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும், சிறப்பாகக் குழந்தைகளின் பெற்றோர், இந்தப் பரிசோதனை உண்மையிலேயே தேவையா, கதிர்வீச்சு இல்லாத அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதாதா என்று மருத்துவரிடம் கேட்கவும், எடுத்தே ஆக வேண்டுமானால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கித் தம் மருத்துவக் கோப்பில் தேதியோடு குறித்து வைக்கவும் வேண்டும்.